தன்மதிப்பீட்டுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

ஒரு மருத்துவக் கல்லூரி தன் தரத்தைத் தானே ஆய்ந்து அறிக்கை எழுதினால், அந்த அறிக்கை எவ்வளவு நம்பத்தக்கது என்பதை எதைக்கொண்டு அளப்பது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டபோது இந்தக் கேள்வி எழவில்லை. அவர் வெளியிலிருந்து வந்து பார்த்தவர். இன்று நிலைமை வேறு. உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு 2003-இல் வெளியிட்ட தர வரையறைகளே கல்லூரிகள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளவும் பயன்படுவதற்காக வகுக்கப்பட்டவை. கல்லூரியைச் சேர்ந்தவர்களே அடங்கிய உள்குழு சான்றுகளைத் திரட்டி, ஒவ்வொரு வரையறைக்கும் 'நிறைவு' அல்லது 'குறைவு' என்று குறிக்கிறது. வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர்களின் வெளிக்குழு அதையே தொடக்கமாகக் கொள்கிறது.

இரு குழுக்களும் ஒரே 100 வரையறைகளைத் தனித்தனியே மதிப்பிட்டு, அவற்றில் 86-இல் ஒத்துப்போயின என்று வைத்துக்கொள்வோம். 86 விழுக்காடு ஒற்றுமை என்றதும் மனம் நிறைவடைகிறது. ஆனால் ஒவ்வொரு குழுவும் 90 வரையறைகளுக்கு 'நிறைவு' என்று குறித்திருந்தால், எதையும் படித்துப் பார்க்காமல் அந்த விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும்கூட அவை சராசரியாக 82 இடங்களில் ஒத்துப்போயிருக்கும்: இரண்டும் 'நிறைவு' என்று சொல்ல 0.9 × 0.9, அதாவது 0.81; இரண்டும் 'குறைவு' என்று சொல்ல 0.1 × 0.1, அதாவது 0.01.

உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் முன்வைத்த 'கப்பா' என்னும் அளவு இந்தத் தற்செயலைத்தான் கழிக்கிறது. தற்செயலுக்கு மேல் எட்டக்கூடிய தூரம் 100 − 82, அதாவது 18. உண்மையில் எட்டியது 86 − 82, அதாவது 4. 4-ஐ 18-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.22. முழு ஒற்றுமைக்கு 1, தற்செயலுக்கு 0 என்ற அளவுகோலில் இது மிகத் தாழ்ந்த இடம். இரண்டே கழித்தல்களும் ஒரே ஒரு வகுத்தலும் சேர்ந்து, பார்வைக்கு உறுதியாகத் தோன்றிய 86-ஐ இப்படித் தோலுரித்துக் காட்டுவதை எத்தனை முறை கண்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கப்பாவையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஏறக்குறைய எல்லாமே 'நிறைவு' என்று இருக்கும்போது, ஓரிரு கருத்து வேறுபாடுகளே அதைச் சரித்துவிடும்; இரு குழுக்களும் நூற்றுக்கு நூறும் 'நிறைவு' என்றே சொன்னாலோ பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து, விடையே கிடைக்காது. ஆகவே குறைகளைத் தனியே எண்ணுவதே பயனுள்ளது. நம் எடுத்துக்காட்டில் ஏதேனும் ஒரு குழுவாவது குறை கண்ட இடங்கள் 17. இரண்டும் சேர்ந்து கண்டவை 3 மட்டுமே. உள்குழு கண்ட 7 குறைகளை வெளிக்குழு ஏற்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்: உள்ளே இருப்பவர்கள் எப்போதும் தம் கல்லூரிக்குச் சாதகமாகவே குறிப்பார்கள் என்ற முன்முடிவை இந்த எண்கள் ஆதரிக்கவில்லை. புதிய கட்டடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கையேனும் இத்தகைய ஒப்பீட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒத்துப்போகாத அந்த 14 வரையறைகளையும் இரு குழுக்களும் ஒன்றாக அமர்ந்து படித்தால், வேறுபாட்டின் வேர் பல நேரங்களில் வாசகத்திலேயே இருக்கும். 'மாணவருக்குப் போதுமான மகப்பேற்றுப் பயிற்சி' என்ற வரையறையில் 'போதுமான' என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பொருள்கொள்ள முடியும். ஒவ்வொரு மாணவரும் எத்தனை பிரசவங்களில் உடனிருந்தார், எத்தனையில் தாமே உதவினார் என்பதைப் பயிற்சிப் பதிவேட்டிலிருந்து எண்ணச் சொல்லி அதே வரையறையைத் திருத்தி எழுதினால், அடுத்த சுற்றில் இரு குழுக்களும் ஒரே பக்கத்தைத் திறந்து ஒரே எண்ணைப் படிக்கும்.