நூறு சிட்-அப் எடுத்தும் வயிற்றில் ஏன் பிடிப்பதில்லை?

ஜிம்மில் மாலை நேரத்தில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. ஒருவர் சாய்வு பெஞ்சில் கால்களை மாட்டிக்கொண்டு மளமளவென்று சிட்-அப் எடுப்பார். பக்கத்தில் நிற்பவர் எண்ணுவார். நூறு முடித்து எழுந்தவரிடம் எங்கே பிடித்திருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பைத் தொட்டுக் காட்டுவார். நானும் ஓராண்டுக்கு மேல் அப்படித்தான் செய்தேன். தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படித்த பிறகுதான் காரணம் புரிந்தது.

சிக்ஸ் பேக் என்று நாம் சொல்வது, வயிற்றின் முன்பக்கம் இடமும் வலமுமாக நீளவாக்கில் ஓடும் நேர்வயிற்றுத் தசை. அதைக் குறுக்கே வெட்டும் தசைநாண் பட்டைகள்தான் கட்டங்களாகத் தெரிகின்றன. பட்டைகள் எத்தனை, எந்த இடத்தில் என்பது பிறப்பிலேயே அமைவது. ஒருவருக்கு ஆறு கட்டம், இன்னொருவருக்கு எட்டு. எந்தப் பயிற்சியும் இதை மாற்றாது.

இந்தத் தசையின் மேல்முனை 5, 6, 7-ஆம் விலா எலும்புகளின் குருத்தெலும்பில் ஒட்டியிருக்கிறது. கீழ்முனை இடுப்புக்கூட்டின் முன்பக்க எலும்பில். தொடை எலும்போடு அதற்குத் தொடர்பே கிடையாது. அப்படியென்றால் அது செய்யக்கூடிய வேலை ஒன்றுதான்: விலாக்கூட்டையும் இடுப்பையும் ஒன்றையொன்று நெருங்க வைப்பது, அல்லது அவை விலகாமல் பிடித்துக்கொள்வது.

இப்போது சிட்-அப்பைப் பாருங்கள். தலையும் தோள்பட்டையும் தரையிலிருந்து எழும் முதல் பகுதியில் முதுகு சுருள்கிறது. அது வயிற்றுத் தசையின் வேலை. அதற்கு மேல் எழுந்து உட்கார வைப்பது இடுப்பை மடக்கும் தசைகள். அவற்றில் முக்கியமான ஒன்று கீழ்முதுகின் முள்ளெலும்புகளில் தொடங்கித் தொடை எலும்பில் முடிகிறது. காலை எதிலாவது மாட்டிக்கொண்டால் அதற்கு நல்ல பிடிமானம் கிடைத்துவிடும், வேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். முள்ளெலும்பையும் சேர்த்து இழுப்பதால்தான் சிலருக்கு முதுகு வலிக்கிறது. தோள்பட்டை எழும் அளவோடு நிறுத்தும் கிரஞ்ச் சின்ன அசைவுதான், ஆனாலும் வயிற்றுக்கு அதுவே போதும்.

கம்பியில் தொங்கிக் காலைத் தூக்கும் பயிற்சியிலும் இதே கதை. கால் மட்டும் மேலே போனால் தொடை மடிப்புதான் உழைக்கிறது. முட்டி மார்பை நெருங்கும்போது இடுப்பும் சேர்ந்து சுருண்டு மேலேற வேண்டும். ஊசலாடாமல் ஐந்து முறை இப்படிச் செய்வது, ஆட்டி ஆட்டி இருபது எடுப்பதைவிட எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தால் தெரியும்.

அப்புறம், மூச்சு. விலாவின் பக்கவாட்டில் கை வைத்து ஒருமுறை இருமிப் பாருங்கள். கைக்கடியில் இறுகுவது சாய்வுத் தசைகள். அவற்றுக்கும் உள்ளே பெல்ட் போலச் சுற்றியிருக்கிறது குறுக்குத் தசை. மூச்சை முழுதாக வெளியே தள்ளுவதில் இவை அத்தனைக்கும் பங்குண்டு. அதனால் சுருளும்போது மூச்சை விட்டுக்கொண்டே சுருண்டால் வயிறு முழுவதும் சேர்ந்து இறுகும்.

விலாக்கூடும் இடுப்பும் விலகாமல் பிடிக்கும் வேலைக்கு பிளாங்க், அதாவது முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல நேராக வைத்து நிற்பது. அமெரிக்க ராணுவமே பல ஆண்டுகள் வைத்திருந்த சிட்-அப் தேர்வை விட்டுவிட்டு, 2022 முதல் பிளாங்கைத் தன் உடற்தகுதித் தேர்வில் வைத்திருக்கிறது. இடுப்பு தொய்ந்த பிறகு ஓடும் நொடிகள் கணக்கில் சேராது. அப்போது பாரத்தை முதுகெலும்புதான் தாங்குகிறது. பிட்டத்தை இறுக்கி, இடுப்பைச் சற்று உள்வாங்கி நின்றால் 30 நொடியே உடலை நடுங்க வைக்கும்.

எதையாவது நூறு முறை சுலபமாகச் செய்ய முடிகிறதென்றால், தசை வளர அந்தப் பாரம் போதவில்லை என்று பொருள். கைக்கு எடையைக் கூட்டும் நாம் வயிற்றுக்கு மட்டும் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம். எடையைக் கம்பிவடத்தால் இழுக்கும் கேபிள் இயந்திரத்தின் முன் முட்டி போட்டுச் செய்யும் கிரஞ்சில் 10 முதல் 15 முறைக்குள் களைக்கும் எடையை வைத்து, மூன்று செட், வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தால் சரி. பின்னால் உட்காரப் போவதுபோல இடுப்பு நகரக் கூடாது, முதுகுதான் சுருள வேண்டும். பிரசவமான பெண்களுக்கு நடுவயிற்றுத் தசை விலகியிருக்கலாம். அவர்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

தொப்பை தனிக் கணக்கு. 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆண்கள் 27 நாளில் தலைக்கு 5,004 சிட்-அப் எடுத்தார்கள். வயிறு, முதுகு, பிட்டம் மூன்றிலும் கொழுப்புச் செல்களை எடுத்து அளந்தபோது, வயிற்றில் மட்டும் கூடுதலாக எதுவும் கரைந்திருக்கவில்லை. உழைக்கும் தசைக்குக் கொழுப்பு பெரும்பாலும் ரத்தத்தின் வழியாக, உடலின் எல்லாப் பகுதியிலிருந்தும் வருகிறது. அதோடு, குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இந்தத் தசைச் சுவருக்கும் உள்ளே இருக்கிறது, கண்ணாடியில் தெரியாது. அதற்குச் சாப்பாட்டு அளவும் தினசரி நடையும்தான் வழி, அளக்க இஞ்ச் டேப் போதும். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி அளந்தால், இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது வரம்பு.