பதிவேட்டில் காடு என்று இருக்கிறதா?

அழகர்கோயில் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், மலையை நெருங்க நெருங்கக் காற்றே மாறிவிடும். அந்த மலை காப்புக்காடு, அனுமதியில்லாமல் அங்கே ஒரு மரத்தை வெட்டினால் வனத்துறை வழக்குப் போடும். ஆனால் போன கோடையில் எங்கள் தெரு முனையில், தனியார் மனைக்குள் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரத்தை ஒரே மதியத்தில் அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதில் தங்கிய கொக்குகள் இரண்டு மூன்று நாள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன, பார்க்கவே முடியவில்லை. அதுவும் மரம், இதுவும் மரம். ஏன் இந்த வித்தியாசம்?

நம் வனச்சட்டங்கள் மரத்தைவிட அது நிற்கும் நிலத்தைத்தான் பார்க்கின்றன, அந்த நிலத்துக்குப் பதிவேட்டில் என்ன பெயர் என்று கேட்கின்றன. தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1882-ஆம் ஆண்டு வனச்சட்டம். ஒரு நிலத்தைக் காப்புக்காடு ஆக்கப்போகிறோம் என்று அரசு முதலில் பிரிவு 4-இன் கீழ் அறிவிக்கும், அப்புறம் மேய்ச்சல், விறகு, பாதை என்று அதில் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று விசாரிப்பார்கள், எல்லாம் முடிந்த பிறகுதான் பிரிவு 16-இன் கீழ் இறுதி அறிவிப்பு வரும். 1980-இல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மேல் ஒரு பூட்டுப் போட்டது: காட்டு நிலத்தை வேறு வேலைக்குத் திருப்ப வேண்டுமானால் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும்.

சரி, எது காடு? 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: நிலம் யாருடையதாக இருந்தாலும், அகராதி காடு என்று எதைச் சொல்கிறதோ அது காடு. நகரத்தின் ஓரத்தில் பெயரில்லாமல் நிற்கும் தோப்புகளுக்குக் கிடைத்த பெரிய பிடி இதுதான். 1980 சட்டத்துக்கு 2023-இல் வந்த திருத்தம் அதைச் சுருக்கி, முறைப்படி காடு என்று அறிவித்த நிலத்துக்கும் அரசு ஆவணத்தில் காடு என்று பதிவான நிலத்துக்கும்தான் சட்டம் என்றது. அந்தத் திருத்தத்தை எதிர்த்த வழக்கு முடியும்வரை பழைய அகராதிப் பொருளையே பின்பற்றுங்கள் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

மதுரையில் இதை வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரியும். கண்மாய்களுக்குள் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட நாட்டுக் கருவேலம் அடர்ந்து நிற்கும், நீர்ப்பறவைகள் கூடு கட்டும், ஆனால் பதிவேட்டில் அது கண்மாய், மரம் முற்றியதும் ஏலம். கர்நாடகம் 1976-லேயே மரப் பாதுகாப்புக்கென்று சட்டம் போட்டது, மகாராஷ்டிரம் நகரங்களுக்கென்றே 1975-இல் போட்டது. நம்மிடம் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அது மலைப்பகுதிகளுக்கு மட்டும். அரசு நிலத்து மரங்களுக்கு 2021-இல் வந்த பசுமைக் குழுக்கள் இருக்கின்றன. மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் கூடி, வெட்டலாமா என்று முடிவு செய்யும்.

வெட்டினால் பதிலுக்குக் கன்று நடச் சொல்வார்கள். நட வேண்டியதுதான், ஆனால் அது ஈடாகாது. மரங்கள் கூட்டமாக நிற்கும்போது இலைகள் விடும் நீராவியும் நிழலும் சேர்ந்து கீழே மண்ணை ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் வைத்திருக்கின்றன. நடுவே ஒரு ரோடு போனால் வெயிலும் காற்றும் இரண்டு பக்கமும் உள்ளே புகுந்து ஓரத்தைக் காயவைக்கும். துண்டு சின்னதாக ஆக ஆக எல்லாமே ஓரமாகிவிடும், நடு என்று ஒன்று மிஞ்சாது. பத்து இடத்தில் பிரித்து நட்ட கன்றுகளால் அந்த நடுப்பகுதியைத் திருப்பித் தர முடியாது.

எனக்கு நம்பிக்கை தருவது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் அதன்கீழ் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர். ஏழு குன்றுகள், வல்லூறுகள், தேவாங்கு, எறும்புதின்னி. விவசாயமும் மேய்ச்சலும் வழிபாடும் அங்கே பழையபடி நடக்கின்றன, காப்புக்காடாக்கி ஊர்க்காரர்களை வெளியே நிறுத்தவில்லை. 2024-இல் அதையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது, அந்த அறிவிப்பு மக்கள் கையில் ஆதாரமாக இருந்தது, சுற்றுவட்டாரமே தெருவில் இறங்கியது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அடுத்து அழகர்மலைக்கு மறுபுறம், திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியில் வெறும் 4.97 ஹெக்டேர் கோயில்காடு இரண்டாவது தலமானது. அவ்வளவு சின்ன காட்டுக்கும் இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

இதே சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும், மாநகராட்சி உட்பட, பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். உங்கள் பகுதியில் இன்னும் நிற்கும் வாகையும் உசிலையும், அவற்றில் அடையும் பறவைகளும் அதில் ஏறியிருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் படத்தோடும் இடத்தோடும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.