டெத் வேலிக்குப் போகும் நாளை உயரத்தை வைத்துத் திட்டமிடுவது எப்படி?

லாஸ் வேகஸிலிருந்து கலிஃபோர்னியாவின் லோன் பைன் என்ற சிற்றூருக்கு வழி கேட்டால், நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று போனில் இருக்கும் மேப் சொல்லும். அதை நம்பி, காலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்து, பத்து மணிக்குக் கிளம்பி, நடுப்பகலில், வழியில் இருக்கும் டெத் வேலி தேசியப் பூங்காவின் ஆழமான பள்ளத்தாக்கில் போய் நிற்பவர்கள் நிறையப் பேர். மேப் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது தூரத்தையும் வேகத்தையும் மட்டும்தான் கணக்குப் பார்க்கிறது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் ஒரு நாள் எப்படி அமையும் என்பதைத் தீர்மானிப்பது உயரம்.

இந்த வழியின் உயரங்களைப் பாருங்கள். லாஸ் வேகஸ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 610 மீட்டர். அங்கிருந்து ஒரு மலையைத் தாண்டி பாரம்ப் என்ற ஊருக்கு இறங்குகிறோம். அப்புறம் டெத் வேலிக்குள் போகப் போக உயரம் குறைந்துகொண்டே வந்து, ஃபர்னஸ் கிரீக் என்ற குடியிருப்பில் கடல் மட்டத்துக்கும் 58 மீட்டர் கீழே, பேட்வாட்டர் என்ற உப்புப் படுகையில் 86 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம் அதுதான். பிறகு பள்ளத்தாக்கின் இன்னொரு சிறு குடியிருப்பான ஸ்டவ்பைப் வெல்ஸிலிருந்து, 30 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில், 1,511 மீட்டர் உயரமுள்ள டவுன் பாஸ் கணவாய்க்கு ஏற வேண்டும். உடனே பானமின்ட் பள்ளத்தாக்குக்குள் ஆயிரம் மீட்டர் இறக்கம். மறுபடி ஏற்றம். கடைசியாக லோன் பைனில் நின்று நிமிர்ந்தால் 4,421 மீட்டர் உயர மவுன்ட் விட்னி தெரியும். பேட்வாட்டருக்கும் அந்தச் சிகரத்துக்கும் நடுவே நேர்க்கோட்டில் சுமார் 136 கி.மீ.தான்.

உயரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? காற்று கீழே இறங்கும்போது அதன்மேல் அழுத்தம் கூடுகிறது. அழுத்தப்படும் காற்று சூடாகும். ஈரமில்லாத காற்று ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் சூடேறும். பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் நடுவில் இருக்கும் மலைத்தொடர்களிலேயே மழையைக் கொட்டித் தீர்த்துவிடுவதால், டெத் வேலிக்கு வந்து சேரும் காற்று வறண்ட காற்று. பள்ளத்தாக்கோ நீளமானது, ஒடுக்கமானது, இரண்டு பக்கமும் செங்குத்தான மலைகள். வெயிலில் காய்ந்த தரை காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழுகிறது, கொஞ்சம் குளிர்ந்து திரும்ப இறங்குகிறது, இறங்கும்போது அழுத்தத்தால் மறுபடி சூடாகிறது. வெப்பம் இப்படி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. 1913ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரிதான் உலகின் அதிகபட்சக் காற்று வெப்பநிலையாக இன்றும் ஏடுகளில் இருக்கிறது. அந்த அளவீட்டைச் சந்தேகிக்கும் வானிலை ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் 2024 ஜூலை மாதம் முழுவதற்கும், இரவையும் பகலையும் சேர்த்துப் பார்த்த சராசரியே 42.5 டிகிரி என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இதே விதி நமக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது. பேட்வாட்டருக்கு நேர் மேலே, 1,669 மீட்டர் உயரத்தில் டான்டேஸ் வியூ என்ற காட்சிமுனை இருக்கிறது. கீழே 45 டிகிரி கொளுத்தும்போது அங்கே பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும். ஆகவே திட்டத்தின் அடிப்படை எளிது: நாளின் குளிர்ந்த நேரத்தைத் தாழ்ந்த இடங்களுக்குக் கொடுங்கள், சூடான நேரத்தை உயர்ந்த இடங்களில் கழியுங்கள். பாலைவனத்தில் வெப்பநிலை மிகக் குறைவாக இருப்பது சூரிய உதயத்தை ஒட்டி. உச்சத்தைத் தொடுவது நண்பகலில் இல்லை, பிற்பகல் மூன்று முதல் ஐந்து மணிக்குள். தரை வாங்கிய வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்த அவ்வளவு நேரம் ஆகிறது.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான டிம்பிஷா ஷோஷோனி மக்கள் இதே கணக்கைப் பருவங்களை வைத்துப் போட்டு வாழ்ந்தவர்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் தரையில் இருப்பார்கள், மெஸ்கீட் மரத்தின் காய்களும் அங்கேதான் கிடைக்கும். கோடை வந்தால் பானமின்ட் மலைகளுக்கு ஏறிவிடுவார்கள், அங்கே பின்யான் பைன் கொட்டைகள் கிடைக்கும். அவர்கள் இன்றும் ஃபர்னஸ் கிரீக்கில் வாழ்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் ஒரு தனிச் சட்டத்தின் மூலம் அவர்களுடைய நிலத்தின் ஒரு பகுதி அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்று வெளியார் பெயர் வைத்த இடம் தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகத்தின் வீடு. பார்க்க வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

சரி, மே கடைசியிலோ செப்டம்பரிலோ போவதாக வைத்துக்கொள்வோம். பகலில் 40 டிகிரியைத் தொடும் மாதங்கள். (நவம்பரிலிருந்து மார்ச் வரைக்குள் போக முடிந்தால் இன்னும் நல்லது.) லாஸ் வேகஸை விட்டு அதிகாலை 4 மணிக்குள் (மே கடைசியில் என்றால் 3 மணிக்குள்) கிளம்பிவிட வேண்டும். டேங்க்கை பாரம்ப்பில் நிரப்பிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள்ளும் பெட்ரோல் கிடைக்கும், ஆனால் விலை அதிகம். ஜாப்ரிஸ்கி பாயின்ட் என்ற காட்சிமுனையில் விடியலைப் பார்த்துவிட்டு நேராக பேட்வாட்டருக்கு இறங்குங்கள். உப்புப் பாளங்கள்மேல் நடக்க விரும்பினால் அதற்கான நேரம் அப்போதுதான். அடுத்து ஸ்டவ்பைப் வெல்ஸ் பக்கத்து மணல்மேடுகள். வெயில் காலத்தில் காலை 10 மணிக்கு மேல் தாழ்வான பகுதிகளில் நடக்க வேண்டாம் என்பது பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை. அந்த வரம்பைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது என்பது என் கருத்து.

காரணம் நம் உடம்பு. தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிராக இருக்கும் வரை, வீசும் காற்று நம்மிடமிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும். காற்று 45 டிகிரி ஆகிவிட்டால் நிலைமை தலைகீழ், காற்றே நமக்கு வெப்பம் தருகிறது. அப்போது உடம்புக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான் இதுவும்: ஆவியாகும் ஒவ்வொரு லிட்டர் வியர்வையும் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. வறண்ட காற்றில் இது மிக நன்றாக வேலை செய்கிறது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சென்னை வெயிலில் வியர்வை சட்டையை நனைத்து, தண்ணீர் இழப்பைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும். இங்கே வியர்வை சுரந்த கணமே ஆவியாகிவிடுவதால் தோல் காய்ந்தே இருக்கும். மணிக்கு ஒரு லிட்டர் இழந்துகொண்டிருப்பவர், தனக்கு வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொள்வார். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் குடிக்கச் சொல்கிறார்கள். எடுத்துப் போவது அதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். கூடவே உப்புள்ள தின்பண்டங்களும் வேண்டும். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகலாம்.

வண்டியின் பாடும் ஏறத்தாழ இதேதான். எஞ்சினின் வெப்பத்தை ரேடியேட்டர் வெளியே தள்ளுகிறது. எவ்வளவு தள்ள முடியும் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 100 டிகிரி, காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 80. காற்று 48 டிகிரி ஆனால் வித்தியாசம் 52. அதாவது வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலே ரேடியேட்டரின் திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இந்த நிலையில்தான் டவுன் பாஸ் ஏற்றம் வருகிறது. ஆட்களோடும் சாமான்களோடும் இரண்டு டன் எடையுள்ள வண்டியை 1,500 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் சுமார் 29 மெகாஜூல் ஆற்றல் தேவை. 25 நிமிடத்தில் ஏறினால், வழக்கமான ஓட்டத்துக்கு மேல் கூடுதலாக 20 கிலோவாட். பெட்ரோல் எஞ்சினில் சக்கரத்துக்குப் போகும் ஆற்றலுக்குக் கிட்டத்தட்ட இணையான வெப்பம் கூலன்ட்டுக்கும் போகிறது. அதோடு, ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. ஏசி ஓடும்போது, ஏற்கெனவே சூடான காற்றை இன்னும் சூடாக்கித்தான் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. இந்த ஏற்றத்தில் ஏசியை அணைக்கச் சொல்லும் பலகைகளும், ரேடியேட்டருக்கான தண்ணீர்த் தொட்டிகளும் சாலையோரம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எஞ்சின் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். கேட்கவே கொடுமையாக இருக்கும், ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் கூலன்ட் ஓடும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பங்கை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜன்னல்களைத் திறந்துவிட்டால் போதும். சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் அது கொதித்துப் பீறிட்டு வெளியே அடிக்கும். மின்சாரக் காரில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் அந்த 29 மெகாஜூல் என்பது 8 யூனிட் மின்சாரம். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பதைத் தூரத்தை வைத்துக் கணக்கிட்டால் ஏற்றத்தில் ஏமாந்துபோவோம்.

ஏறியதை இறக்கத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். பானமின்ட் பள்ளத்தாக்குக்குள் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் சுமார் 20 மெகாஜூல். எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்கப் போதுமான வெப்பம் அது. அத்தனையையும் நான்கு பிரேக் டிஸ்க்குகள்மேல் ஏற்றினால் பிரேக் பிடிமானம் தளர்ந்துபோகும். ஆட்டோமேட்டிக் வண்டியானாலும் கீழ் கியருக்கு மாற்றி எஞ்சினை வைத்தே வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். டயர்களைப் பொறுத்தவரை, காற்றழுத்தத்தைக் கிளம்பும் முன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சூட்டில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி, இன்னும் சூடாகி, வெடிக்கும் நிலைக்குப் போகும்.

இவ்வளவு வெப்பக் கதைக்கு நடுவே ஒரு தகவல் பலருக்கு வியப்பாக இருக்கும். இந்தப் பூங்காவில் வெப்பத்தால் இறப்பவர்களைவிட, வேறு எந்த வண்டியும் சம்பந்தப்படாமல் தனி வண்டியாகக் கவிழ்ந்து இறப்பவர்கள் அதிகம். இதற்கும் அறிவியல் விளக்கம் உண்டு. வேகத்தை நம் கண் கணிப்பது பக்கத்தில் ஓடும் மரங்களையும் கம்பங்களையும் வைத்து. இங்கே அவை கிடையாது. அதோடு ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டினால் மூளை அந்த வேகத்துக்குப் பழகி, மெதுவாகப் போவதாக நினைக்கத் தொடங்கும். மலையடிவாரங்களில், வெள்ளம் அடித்து வந்த கல்லும் மணலும் விசிறிபோல் பரந்து, கி.மீ. கணக்கில் ஒரே சாய்வாகக் கிடக்கின்றன. அடிவானமே சாய்ந்திருப்பதால் சரிவான சாலை சமதளமாகத் தெரியும். ஏறும்போது வண்டிக்குத்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். இறங்கும்போது வேகம் கூடுவதே தெரியாது. இந்தச் சாலைகளில் கண்ணைவிட ஸ்பீடோமீட்டரை நம்புங்கள்.

ஆண்டுக்கு 50 மி.மீ. அளவே மழை பெறும் இடத்தில் வெள்ளத்துக்கும் திட்டமிட வேண்டும். செடிகொடி இல்லாத, இறுகிப்போன தரை நீரை உறிஞ்சாது. எங்கோ மலையில் பெய்தது, வானம் வெளுத்திருக்கும் சாலைப் பள்ளத்தில் சேறும் பாறையுமாக வந்து சேரும். 2022 ஆகஸ்ட் 5ஆம் தேதி சில மணி நேரத்தில் 37 மி.மீ. பெய்து, சுமார் ஆயிரம் பேர் வெளியேற வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே, 2023 ஆகஸ்ட் 20ஆம் தேதி, ஹிலரி புயலில் ஒரே நாளில் 56 மி.மீ. கொட்டியது. பூங்கா இரண்டு மாதம் போல மூடிக் கிடந்தது. கிளம்பும் அன்று காலையில் சாலை நிலவரத்தைப் பூங்காவின் தளத்தில் பார்த்துவிடுங்கள். உள்ளே பெரும்பாலான இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது, மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதீர்கள். தேடி வருகிறவர்கள் கண்ணில் மனிதரைவிட வண்டி சீக்கிரம் படும். ஆனால் கண்ணாடியை மூடி உள்ளே உட்காரவும் கூடாது, வெயில் கண்ணாடி வழியே நுழைந்து உள்ளேயே தங்கிவிடும். வண்டியின் நிழலில் இருங்கள், வெறும் தரையில் மட்டும் உட்காராதீர்கள். 1972 ஜூலையில் ஃபர்னஸ் கிரீக்கில் அளந்த தரை வெப்பநிலை 93.9 டிகிரி. மிகக் கடுமையான வெப்பத்தில் காற்று அடர்த்தி குறைந்து, மருத்துவ ஹெலிகாப்டர்களுக்குப் போதிய தூக்குவிசை கிடைக்காமல் போகிறது. அழைத்தாலும் அவற்றால் வர முடியாத நாட்கள் உண்டு.

இனி நாளின் பிற்பாதி. அன்றே லாஸ் வேகஸுக்குத் திரும்பியாக வேண்டும் என்றால் டவுன் பாஸை விட்டுவிடுங்கள். மணல்மேடுகளிலிருந்து திரும்பி, உச்சி வெயில் வருமுன் டான்டேஸ் வியூ ஏறிவிடுங்கள், ஊருக்குத் திரும்பும் வழியிலிருந்து பிரியும் கிளைச் சாலையில்தான் அது இருக்கிறது. மொத்தம் சுமார் 550 கி.மீ. வரும். லோன் பைன் வரை போகிறவர்கள் 11 மணிக்குள் டவுன் பாஸைத் தாண்டிவிட வேண்டும். மதிய உணவுக்கு, பானமின்ட் பள்ளத்தாக்கில் இருக்கும் பானமின்ட் ஸ்பிரிங்ஸில் நிற்கலாம். இரண்டு மணிக்கு மேல் உடம்பின் உள்கடிகாரமே தூக்கத்தைக் கூட்டும், அதிகாலையில் எழுந்தவர்களுக்கு அது இன்னும் பலமாக அடிக்கும். அதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிடுவது நல்லது. லோன் பைனில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். வந்த வழியே திரும்புவதாக இருந்தால் மறுநாள் விடிவதற்கு முன் கிளம்பி, ஒன்பது மணிக்குள் பள்ளத்தாக்கைத் தாண்டிவிடலாம்.