பிங்குக்குப் பதில் வராததால் முகவரி காலி என்று ஆகிவிடாது

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய கடைவீடொன்றின் மாடியில் இயங்கும் கணக்காளர் அலுவலகத்தில், பழைய கணினி ஒன்றைக் கோப்புச் சர்வராக மாற்றுவதற்காக ஒரு மாலை டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொண்டிருந்தேன். 192.168.1.50 என்ற ஐபி முகவரிக்கு மடிக்கணினியிலிருந்து பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பிப் பார்த்து, பதில் வராததால் அதையே சர்வருக்குக் கையால் எழுதிக் கொடுத்தேன். தொகுப்புகள் பாதி இறங்கியபோது பதிவிறக்கம் அப்படியே நின்றுவிட்டது. கேபிளை மாற்றினேன், சுவிட்சில் வேறு துளையில் செருகினேன், இணைய இணைப்பையும் மனத்துக்குள் திட்டித் தீர்த்தேன். வீட்டுக்குக் கிளம்பும் முன் நாலு பக்கம் நகலெடுக்க வேண்டுமென்று கிராணி அக்கா பக்கத்து அறையில் போட்டோஸ்டேட் இயந்திரத்தை முடுக்கிய சத்தம் காதில் விழுந்தும், அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

அந்த இயந்திரத்துக்கும் எவரோ எப்போதோ இதே முகவரியை எழுதி வைத்திருந்தார்கள். அது விழித்தெழுந்ததும் தன் முகவரியை வலையமைப்பு முழுவதற்கும் அறிவிக்க, எந்த ஐபி முகவரி எந்தக் கருவியுடையது என்று குறித்துவைக்கும் தன் ஏஆர்பி அட்டவணையில் ரூட்டர் .50-க்கு நேரே சர்வரின் மேக் முகவரியை (வலையமைப்பு அட்டைக்குத் தயாரிப்பாளர் தரும் அடையாள எண்ணை) அழித்துவிட்டு இயந்திரத்தின் மேக் முகவரியை எழுதிக்கொண்டது. அதன் பிறகு சர்வர் கேட்ட தொகுப்புகளெல்லாம் போட்டோஸ்டேட் இயந்திரத்தின் வாசலுக்குப் போய், கேட்பாரின்றித் தொலைந்துகொண்டிருந்தன.

கண்டுபிடித்த வழி எளியதுதான்: சர்வரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு அதே முகவரிக்கு மீண்டும் பிங் அனுப்பினேன். இம்முறை பதில் வந்தது! மடிக்கணினியின் ஏஆர்பி அட்டவணையைத் திறந்தால் அங்கிருந்த மேக் முகவரி சர்வருடையது அல்ல. அதன் முதல் மூன்று எண்தொகுதிகள் தயாரிப்பாளரைக் குறிப்பவை என்பதால், அவற்றைத் தேடியதும் எந்தப் பெட்டி என்று தெரிந்துவிட்டது.

பிங்கை மட்டும் நம்பியது என் பிழை. அணைத்து வைத்திருக்கும் கருவி பதில் சொல்லாது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் கணினிகூடத் தீச்சுவர் தடுத்தால் வாய் திறக்காது. ‘இந்த முகவரி யாருடையது?’ என்று வலையமைப்பு முழுவதையும் கேட்கும் ஏஆர்பி வினவலைத் தீச்சுவர் பொதுவாகத் தடுப்பதில்லை. ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும் முன் அவ்வாறே கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் 2008-இல் வெளியான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 5227 வகுத்துக் கூறுகிறது. ஆனால் அணைந்து கிடக்கும் இயந்திரத்தை அதனாலும் எழுப்ப முடியாது என்பதால், அலுவலகத்தில் எவையெவை அணைந்திருக்கின்றன என்று முதலில் கேட்டுவிடுவதே மேல்.

ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினிகளை நகலெடுப்பவர்களுக்கு இதே தொல்லை வேறு உருவில் வரும். உபுண்டு லினக்ஸின் 18.04 சர்வர் பதிப்பு, ஒவ்வொரு நிறுவலுக்கும் தனியாக உள்ள மெஷின்-ஐடி என்ற குறியிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைக் காட்டியே, முகவரிகளைத் தானாகப் பங்கிடும் டிஎச்சிபியிடம் முகவரி கேட்கும். அந்த ஐடியை வெறுமையாக்காமல் நகலெடுத்தால், மேக் முகவரிகள் வேறாக இருந்தும் இரண்டுக்கும் ஒரே ஐபி கிடைக்கக்கூடும்.

இப்போதெல்லாம் சர்வருக்கு நான் கையால் முகவரி எழுதுவதில்லை. அதன் மேக் முகவரியைக் காட்டி ரூட்டரிலேயே ஒரு முகவரியை ஒதுக்கிவிடுகிறேன். அன்று நிறுவலைத் தொடக்கத்திலிருந்து மறுபடி செய்ய வேண்டியிருக்கவில்லை. நிறுவியின் முதன்மைப் பட்டியலுக்குத் திரும்பி, வலையமைப்புப் படியை மட்டும் மீண்டும் ஓட்டியதும் தொகுப்புகள் இறங்கத் தொடங்கின.