சொல் விளக்கம்: போஸ்ட் மெட்ரிக்

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் ஓர் அக்காவிடம் அவர் மகனின் கல்லூரிச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டீங்களா?" என்றேன். "எம்பையன் கவர்மெண்ட் ஸ்கூல்லதானுங்க படிச்சான், மெட்ரிக்ல படிக்கலையே" என்றார். அவர் மேல் தவறில்லை. அரூர், தருமபுரி பக்கம் 'மெட்ரிக்' என்றால் கட்டணம் வாங்கும் ஆங்கில வழிப் பள்ளிதான். ஒரு சொல் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறதே என்று வருத்தமாக இருந்தது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'மட்ரிகுலா' என்றால் பெயர்ப் பதிவேடு. ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தின் ஏட்டில் மாணவர் பெயர் ஏறுவதுதான் 'மெட்ரிகுலேஷன்'. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு, அதில் சேரத் தகுதி தரும் தேர்வுக்கு இதே பெயர் வந்தது. பள்ளிப் படிப்பின் முடிவும் அதுவாக இருந்ததால் பெயர் மெல்லப் பத்தாம் வகுப்பின் மேல் படிந்தது. அப்புறம் இங்கே எஸ்.எஸ்.எல்.சி. வந்துவிட்டது; 'மெட்ரிக்' தனியார் பள்ளிகளின் பெயரில் தங்கிவிட்டது. இந்த உதவித்தொகை தரும் மத்திய அரசுத் திட்டத்தின் பெயரில் மட்டும் பழைய பொருளே நிற்கிறது: பத்தாம் வகுப்புக்குப் பின்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'உயர்கல்வி உதவித்தொகை' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. பிளஸ் ஒன், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தப் பணம் உண்டு. 'உயர்கல்வி' என்றதும் அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். 'பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு உதவித்தொகை' என்பதே சரி. நீளம்தான், ஆனால் கேட்டதும் புரியும்.

பழங்குடி மாணவர் என்றால் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சாதிச் சான்று தாசில்தாரிடம் அல்ல, கோட்டாட்சியரிடம் வாங்க வேண்டும்.

சித்தேரி மலைப் பிள்ளைகளின் சாதிச் சான்றில் இருக்கும் 'மலையாளி' என்ற சொல்லும் வெளியூர்க் கல்லூரிகளில் குழப்பம் தரலாம். மலையாளம் பேசும் கேரளத்துக்காரரின் பெயர் அல்ல அது. இங்குள்ள மலைவாழ் பழங்குடி மக்களின் பெயர். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி இனத்துக்கு நேராகத் தருமபுரி மாவட்டத்தின் பெயரே எழுதியிருக்கிறது. மாணவர்கள் தயங்காமல் அதைக் காட்டிக் கேட்கலாம்.