ஆப்புக் காலணியா, சாய்கட்டைச் செருப்பா?

'தொன்மையான செதுக்கப்பட்ட மர ஆப்பு நினைவுச்சின்னக் காலணிகள்.' பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கென ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய ஒரு குறிப்பில் இந்தத் தொடர். ஒருமுறை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இந்த ஆப்பு திரும்பத் திரும்பக் கண்ணில் குத்துகிறது. ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான், ஆனால் சேர்த்துப் படித்தால் என்ன பொருள் என்று யாருக்கும் விளங்காது.

சொல்ல வந்தது இதைத்தான்: இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிலிப்பைன்சிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் வீட்டுப் பெண்களுக்கு வாங்கிப்போன மரச் செருப்பு. குதிகால் பக்கம் உயர்ந்து, விரல் பக்கம் வர வரத் தாழும் ஒரே கட்டை. பக்கவாட்டில் தென்னை, ஓலைக் குடிசை, பூக்கொடி என்று செதுக்கி வண்ணம் தீட்டியிருப்பார்கள். மேலே ஒரு வாரைச் சின்ன ஆணிகளால் அறைந்திருப்பார்கள். உள்ளூர்ப் பெயர் பக்யா. (பாக்யா என்று நீட்டிவிடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பெண் ஆகிவிடும்.) மரச்செருப்பைக் குறிக்கும் ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். சாந்தோல், லனெத்தே போன்ற எடை குறைந்த மரங்களில் செய்தார்கள். லனெத்தே நம்ம வெட்பாலைக்குச் சொந்தம்தான்.

இந்த வடிவச் செருப்புக்கு ஆங்கிலத்தில் வெட்ஜ் என்று பெயர். அது பழைய ஆங்கிலச் சொல், பொருள் ஆப்பு. சரி. செருப்புக்கு அந்தப் பெயர் பரவியது 1930களில். எத்தியோப்பியா மீது படையெடுத்ததால் இத்தாலி மீது பொருளாதாரத் தடை வந்து, குதிகாலுக்கு முட்டுக் கொடுக்கும் நல்ல எஃகு கிடைக்காமல் போனது. அங்கே காலணி வடிவமைத்த சால்வட்டோரே ஃபெராகாமோ குதிகாலுக்கும் அடிக்கும் இடையே இருந்த வெற்றிடத்தைத் தக்கையால் அடைத்துவிட்டார்.

'ஆப்பு தூய தமிழ், அதில் என்ன குறை?' என்று கேட்பார்கள். தமிழில் ஆப்பு என்பது வடிவத்தின் பெயரே அல்ல, வேலையின் பெயர். பிளப்பதற்கு அடிப்பது ஆப்பு. பிளவில் செருகியிருப்பதும் ஆப்பு. அதை அசைத்து வாலை மாட்டிக்கொண்ட குரங்கை நமக்குத் தெரியும். பேச்சில் 'அவனுக்கு ஆப்பு வெச்சுட்டாங்க' என்றால் என்னவென்றும் தெரியும். செருப்பில் எதைப் பிளக்கிறார்கள்? ஆங்கிலக்காரருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் பக்கவாட்டு முக்கோணம் மனத்தில் வரும். நமக்குச் சுத்தியல்தான் வருகிறது. அதற்கு முன்னால் 'செதுக்கப்பட்ட மர' என்று வேறு சேர்த்தால், கதவு ஆடாமலிருக்கச் செருகும் துண்டுக்கு யாரோ பூவேலை செய்ததுபோல் ஆகிறது.

இந்தச் செருப்பின் சிறப்பே அடி முதல் குதி வரை இடைவெளி இல்லாத கட்டை என்பதுதான். அந்த அகலம் இருப்பதால்தான் குடிசையும் தென்னையும் செதுக்க இடம் கிடைத்தது. சேகரிப்பவர் முதலில் திருப்பிப் பார்ப்பதும் அந்தப் பக்கத்தைத்தான். விரிசல் ஓடியிருக்கிறதா, பூச்சி துளைத்திருக்கிறதா, வண்ணம் பழையதா என்றெல்லாம் அங்கேதான் தெரியும். ஆகவே பெயரில் கட்டை இருக்க வேண்டும், சாய்வும் இருக்க வேண்டும். என் கணக்கில் சாய்கட்டைச் செருப்பு.

பழஞ்சொற்களை மீட்கலாமே என்பவர்களுக்கு: மிதியடி அழகான சொல், ஆனால் இன்று வாசலில் கிடக்கிறது. குறடு என்றால் ஆணி பிடுங்குவதா என்று கேட்பார்கள். பாதுகை என்றதும் பரதன் தலையில் ஏறிவிடும். மூன்றுமே தட்டையான பழைய மரச்செருப்புக்குப் பொருந்தும், இந்தச் சாய்வைச் சொல்லாது.

இன்னொன்று, செருப்பு என்று எழுத ஏன் இவ்வளவு கூச்சம்? காலணி ஷூவுக்கும் பூட்சுக்கும் பொதுவான பெயர். வார் வைத்தது செருப்புதான். கண்ணப்பர் செருப்புக் காலைச் சிவன் மேலேயே வைத்தார், மொழிபெயர்ப்பாளருக்குக் காகிதத்தில் வைக்கக் கூசுகிறது. அப்புறம் 'நினைவுச்சின்னம்'. அது தூணும் மண்டபமும். ஊருக்குப் போய்வந்தவர் கொண்டுவருவது நினைவுப்பொருள். 'தொன்மையான' என்பதும் மிகை. 1940களில் செய்ததற்கு 'அந்தக் காலத்து' போதும். கீழடியில் தோண்டியெடுத்ததற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து பிலிப்பைன்ஸ் சாய்கட்டைச் செருப்பு, பூவேலை செய்தது. இப்படி எழுதியிருந்தால் படித்ததும் புரிந்திருக்கும். ஆங்கிலத் தொடரின் சொற்களை அதே வரிசையில் ஒவ்வொன்றாகத் தமிழாக்கி அடுக்குவதை மொழிபெயர்ப்பு என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதே குறிப்பில் அடிமுழுக்கத் தடித்த பிளாட்ஃபார்ம் செருப்பும் வருகிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'நடைமேடைக் காலணி'. எத்தனையாவது நடைமேடை என்று போடவில்லை.