பஸ் நேரம் சொல்கிற குரலை அப்படியே நம்பாதீர்கள், அது நான் செய்ததாக இருந்தாலும்

மாங்குளம் சந்தியில் ஒரு ஆச்சி என் கையிலிருந்த போனைப் பார்த்து, "மல்லாவிக்குக் கடைசி பஸ் எத்தினை மணிக்கு மோனை வெளிக்கிடும்?" என்று கேட்டார். நான் செய்துகொண்டிருந்த குரல் செயலி தெளிவான தமிழில் "மாலை ஐந்து நாற்பது" என்றது. ஆச்சி நம்பிக் குந்தியிருந்தார். ஆறரை வரைக்கும் பஸ் இல்லை. அன்றைக்குப் பள்ளிக்கூட விடுமுறை, அது பள்ளிக்கூட நாட்களில் மட்டும் ஓடுகிற பஸ். கடைசியில் நான்தான் ஓட்டோ பிடித்து அனுப்பிவைத்தேன்.

பிழை பஸ்ஸில் இல்லை, என்னில்தான். பஸ் நேரங்களை எழுதிவைக்க உலகம் முழுக்கப் பாவிக்கிற ஜிடிஎஃப்எஸ் முறையில் (2005இல் கூகுளும் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் சேர்ந்து செய்த வேலையிலிருந்து வந்தது) எந்தெந்தக் கிழமை ஓடும் என்பதற்கு ஒரு கோப்பு, விதிவிலக்கான திகதிகளுக்கு இன்னொன்று. போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் பள்ளிக்கூடத் தவணை விடுமுறையும் அந்த இரண்டாவதில்தான் வரவேண்டும், அதை நான் பிறகு பார்ப்போம் என்று விட்டிருந்தேன்.

திரையில் என்றால் அட்டவணை கண்ணுக்கு முன்னால் கிடக்கும், எப்போது புதுப்பித்தது என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும், சந்தேகப்பட ஒரு இடம் கிடைக்கும். குரல் ஒரே ஒரு நேரத்தைச் செய்தி வாசிக்கிற தொனியில் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

இன்னொரு பிழையும் விட்டேன். கொழும்பிலிருந்து இரவு வெளிக்கிடும் பஸ் கிளிநொச்சிக்கு விடியப்புறம் மூன்றரைக்கு வருகிறதென்றால் கோப்பில் 27:30 என்று எழுதவேண்டும், முதல்நாள் பயணத்தின் தொடர்ச்சி என்பதால். "இருபத்தேழு மணி முப்பது நிமிடம்" என்று என் செயலி கூச்சமே இல்லாமல் வாசித்தது! அது நல்ல பிழை, சிரித்துவிட்டுப் போய்விடலாம். அந்த ஐந்து நாற்பதுதான் ஆளைக் கவிழ்க்கிற பிழை.

கேட்கிற பக்கத்திலும் இதே கதை. யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதியில் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், பனிக்கன்குளம் என்று வரிசையாகக் குளங்கள், எஞ்சின் இரைச்சலில் போனுக்குக் கேட்பது "குளம்" மட்டும்தான், மிச்சத்தை அது ஊகிக்கும். அப்புறம், "நாளைக்கு விடிய" என்று ஒருவர் கேட்க, செயலி இரவு பஸ்ஸைச் சொன்னது. சொல்லை அது சரியாகத்தான் பிடித்திருந்தது. நான் எழுதிய பட்டியலில் "காலை" இருந்தது, "விடிய" இல்லை, "பின்னேரம்" இல்லை. வீட்டில் நாள் முழுக்க நான் கதைக்கிற சொற்கள்!

இப்போது குளம் விளங்காவிட்டால் "புளியங்குளமா, மாங்குளமா?" என்று திருப்பிக் கேட்கிறது. கடைசி பஸ்ஸைக் கேட்டால் அதற்கு முந்தினதையும் சொல்கிறது, அந்த நேரத்தை எப்போது விசாரித்து எழுதியது என்பதையும். பதில் நீளுகிறது, சிலருக்கு எரிச்சல், பரவாயில்லை. நீங்கள் எந்தச் செயலியைப் பாவித்தாலும் "இது எப்ப எடுத்த நேரம்?" என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால், கடைசி பஸ் விஷயத்தில் அதை விட்டுவிட்டுச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் விசாரியுங்கள்.

முறிகண்டிதான் இன்னும் தலையிடி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க, கற்பூரம் கொளுத்த, கச்சான் வாங்க என்று அநேகமாக எல்லா பஸ்ஸும் அங்கே நிற்கும், எவ்வளவு நேரம் என்று கொண்டக்டருக்கே தெரியாது. இப்போதைக்குப் பத்து நிமிடம் போட்டுவைத்திருக்கிறேன்.